24-ஆம் குறிப்பில் என் அப்பா

எம்.பி.ஏ. முதலாம் ஆண்டில் செமினாருக்கு நான் வாங்கியது 20-க்கு 18. வகுப்பிலேயே அதுதான் அதிகம். தலைப்பு ஒர்க்கிங் கேப்பிட்டல், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம். கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம்.

பங்குச் சந்தை இணையதளம் ஒன்றிலிருந்து மூன்று எண்களை எடுத்து ஸ்லைடில் போட்டேன். சரக்கு கையிருப்பில் கிடக்கும் நாட்கள் 62. விற்ற பணம் வந்துசேரும் நாட்கள் 48. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாட்கள் 117. முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழித்தால் மைனஸ் 7. பொருளை விற்றுக் காசு கைக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பொருளைச் செய்யச் சரக்கு கொடுத்த சப்ளையருக்கே பணம் போகிறது. "சப்ளையர் காசிலேயே தொழிலை நடத்தும் திறமை" என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள்.

அந்த 117 நாள் யாருடைய நாள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அந்த நிறுவனத்துக்கு மோட்டாருக்குள் சுழலும் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

கணபதி பக்கம் அப்பாவுக்கு ஒரு பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், இரண்டு ஆட்கள். செமினார் முடிந்த அந்தச் சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனபோது இரண்டு லேத்தும் நின்றுகொண்டிருந்தன. ராடு வாங்கக் காசில்லை. "பில்லு பாஸாயிருச்சாம், பணம் அடுத்த மாசம்ங்கறாங்க கண்ணு" என்றார் அப்பா. அம்மா வழக்கமாக வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். மைனஸ் 7-உம் நிற்கும் லேத்தும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்கு உறைக்க இன்னும் பல மாதங்கள் ஆயின.

உறைக்காததற்குக் காரணம் எளிமையானது. நான் எதையும் படித்திருக்கவில்லை.

பாடம் படித்திருந்தேன், அது வேறு. எங்கள் கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் யூனிட் வாரியாக நோட்ஸ் கிடைக்கும். வகுப்பில் ஓடும் ஸ்லைடுகள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பழைய வினாத்தாள் ஐந்தை அடுக்கினால் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். பி.காம். மூன்று வருடமும் இப்படித்தான் போனது. ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறந்ததே இல்லை. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கிலப் பாடநூல் என்றாலே மலைப்பு. அதைத் திறக்காமலே முதல் வகுப்பில் தேற முடிந்தபோது, திறக்க வேண்டிய அவசியமே இல்லை என்று நம்பிவிட்டேன்.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு மேடம் வந்தார். மேலாண்மைப் படிப்பில் கேஸ் என்று ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தில் நிஜமாக நடந்த சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கத்தில் எழுதியிருப்பார்கள், விடை இருக்காது. நூறாண்டுக்கு முன் ஹார்வர்டில் வளர்ந்த முறை. 1961-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியபோது ஹார்வர்டின் துணையோடு இங்கேயும் வேர் பிடித்தது. மாணவர்கள் முதல் நாள் இரவே படித்துவிட்டு வந்து வகுப்பில் வாதாட வேண்டும். அது நடந்தால்தான் இந்த முறைக்கு உயிர். எங்கள் வகுப்பில் 60 பேரில் நான்கு பேர் படித்திருந்தோம் என்று சொல்லிக்கொண்டோம். அந்த நான்கு பேரிலும் நான் முதல் இரண்டு பக்கம்தான்.

மேடம் திட்டவில்லை. புரொஜெக்டரை அணைத்தார். "இன்னிக்கு நான் எதுவும் நடத்தப் போறதில்ல. போனை பைக்குள்ள வைங்க. படிங்க, நானும் படிக்கிறேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து அதே 14 பக்கத்தைப் பிரித்துக்கொண்டார். 40 நிமிடம். மின்விசிறிச் சத்தமும் தாள் புரட்டும் சத்தமும்தான். முதல் பத்து நிமிடம் எனக்குக் கண் ஓடியது, மனம் ஓடவில்லை. நான்காம் பக்கத்துக்கு மேல் கதை பிடிபட ஆரம்பித்தது. 11-ஆம் பக்கத்தில் ஒரு அட்டவணை. பழுதாகித் திரும்பி வந்த பொருட்களின் மாதவாரிக் கணக்கு. பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் மேலாளர் "எங்கள் தரத்தில் குறையே இல்லை" என்று சொல்லியிருந்தார். முன்னே புரட்டினேன், பின்னே புரட்டினேன். அவர் சொன்னதும் அட்டவணை சொன்னதும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. இதை எந்த ஸ்லைடும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். வகுப்பில் நானாகக் கை தூக்கியது அன்றுதான் முதல் முறை.

இன்னொரு நாள் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். 2009 ஜனவரி 7 அன்று மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதியது. 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று கணக்கு காட்டியது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வர வேண்டியிருப்பதாகவும் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். மேடம் எங்களைக் கழித்துப் பார்க்கச் சொன்னார். மிஞ்சியது 321 கோடி. "இந்தக் கடிதம் வந்த அன்னிக்கு நாடே படிச்சுது. அதுக்கு முன்னாடி வருசா வருசம் வந்த ஆண்டறிக்கையை எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை படிச்சிருப்பாங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு அவர்தான் எனக்கு வழிகாட்டி. அதே பம்ப் நிறுவனத்தையே எடுத்தேன். ஒரே நிபந்தனை போட்டார்: இணையதள எண்கள் கூடாது, 2022-23 ஆண்டறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு வா.

198 பக்கம். முதல் மூன்று நாளில் தலைவர் உரையைத் தாண்ட முடியவில்லை. பளபளப்பான படங்கள், "நீடித்த வளர்ச்சிப் பயணம்" மாதிரி வாசகங்கள். எதைப் படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். "பின்னாடியிலிருந்து படி" என்றார். ஆண்டறிக்கையின் முன்பாதி நிறுவனம் சொல்ல விரும்புவது. பின்பாதியில் தணிக்கையாளர் அறிக்கையும் கணக்குக் குறிப்புகளும் இருக்கும், அவை சட்டப்படி சொல்லியே ஆக வேண்டியவை. அந்தக் குறிப்புகளை மட்டும் தாளில் எடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரம் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். அத்தனை பேர் தலை குனிந்து படிக்கும் இடத்தில் நாமும் குனிந்துவிடுவோம் என்பது எனக்குக் கிடைத்த பெரிய உதவி.

நாளுக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் போனால் அடுத்த நாள் எதுவும் நிற்பதில்லை. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் தமிழில் ஒரே ஒரு வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிப்பேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்வேன். ஆங்கிலம் வராததுதான் நம் குறை என்று நினைத்துக்கொண்டிருப்போம். என் குறை அது இல்லை, பொருள் பிடிபடாததுதான். ப்ரொவிஷன், ரிசர்வ் என்று இரண்டு சொற்கள். இரண்டையும் "ஒதுக்கீடு" என்றுதான் மனதில் வைத்திருந்தேன். லாபத்தைக் கணக்கிடும் முன்பே ஒரு செலவுக்காகவோ இழப்புக்காகவோ கழித்து வைப்பது ப்ரொவிஷன். லாபம் வந்த பிறகு அதிலிருந்து எடுத்து வைப்பது ரிசர்வ். ஓரத்தில் தமிழில் எழுதப் போய்த்தான் இந்த வித்தியாசமே கண்ணில் பட்டது. பி.காம். தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ 24-ஆம் குறிப்புக்கு வந்தேன். வணிகக் கடன்கள், அதாவது சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை 2021-இல் திருத்தியதால், இந்தப் பாக்கி எவ்வளவு காலமாக நிற்கிறது என்று வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு வருடத்துக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். சிறு நிறுவனங்களுக்கு ஒரு வரி, மற்றவர்களுக்கு ஒரு வரி, தகராறில் இருப்பவற்றுக்குத் தனித்தனி வரிகள். சிறு நிறுவனங்கள் வரியில் 3 கோடிச் சொச்சம் இருந்தது. மற்றவர்கள் வரியில் 140 கோடிக்கு மேல்.

எனக்கு இது புரியவில்லை. இந்த நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் பார்த்தே தெரியும். கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கத்துப் பட்டறைக்காரர்கள். இவர்கள் சிறு நிறுவனம் இல்லையென்றால் வேறு யார்? அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. குறு, சிறு நிறுவனங்கள் "நிறுவனத்திடம் உள்ள தகவலின்படி இனங்காணப்பட்ட அளவில்" காட்டப்பட்டுள்ளன என்று. இப்படி ஒரு வரி ஏறக்குறைய எல்லா ஆண்டறிக்கையிலும் இருக்கும், பழகிப் போன வாசகம். நான் மூன்று முறை படித்தேன். அவர்களிடம் உள்ள தகவல். அப்பா அவர்களிடம் எந்தத் தகவலும் கொடுத்திருக்கவில்லை. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அரசுப் பதிவான உத்யம் எங்கள் பட்டறைக்கு இல்லை. "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்குதே, அது பத்தாதா?" என்று இருந்துவிட்டார். ஆக, சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு லேத் வைத்திருக்கும் என் அப்பா ஒரு சிறு தொழில்காரர் இல்லை. அந்த 140 கோடியில் கரைந்துபோன ஒருவர்.

இதே ஆண்டறிக்கையை என் தோழி ஒருத்தி சாட்பாட்டில் போட்டுச் சுருக்கம் கேட்டிருந்தாள். வருமானம், லாபம், வளர்ச்சி விகிதம், எதிர்காலத் திட்டம் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது. எந்த எண்ணும் தப்பில்லை. அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது எனக்கு மட்டும்தான் முக்கியமான வரி. எதைத் தேடுகிறோம் என்று நமக்கே தெரியாதபோது சுருக்கம் கேட்டு என்ன பயன்? முழுதாகப் படிக்கும்போது தேடாதது கண்ணில் படுகிறது, அதற்காகத்தான் நான் இன்றும் நீளமாகப் படிக்கிறேன்.

அப்புறம் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். மொத்தமே 32 பிரிவுகள். சட்டம் என்றால் வக்கீல்கள் படிப்பது என்று நினைத்திருந்தேன். இதை இரண்டு மாலையில் முடிக்கலாம். 15-ஆம் பிரிவின்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் 16-ஆம் பிரிவின்படி பேங்க் ரேட் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. அப்போது பேங்க் ரேட் 6.75 சதவீதம், மூன்று மடங்கு என்றால் 20.25.

ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்தப் பிரிவுகளில் இல்லை, தொடக்கத்தில் உள்ள விளக்கங்களில். நாட்களை எங்கிருந்து எண்ணுவது? நிறுவனம் பில் பாஸான தேதியிலிருந்து எண்ணியது. சட்டம் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். பில் பாஸாவது பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. எந்தச் சட்டத்தைப் படித்தாலும் விளக்கங்கள் உள்ள பிரிவைத் தாண்டிப் போகாதீர்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் பாதி வழக்கு அங்கேதான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அப்பாவின் நீள நோட்டைக் கேட்டு வாங்கினேன். பழுப்பு அட்டை, ஓரம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு டெலிவரி சலானையும் தேதியோடு எழுதி, பணம் வந்ததும் சிவப்புப் பேனாவில் சுழித்திருப்பார். ஆண்டறிக்கைத் தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு 26 சலான்களுக்குச் சுழித்த தேதியைப் பார்த்து நாள் எண்ணினேன். சராசரி 110 நாள். மாதம் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வேலை. அப்படியென்றால் எந்நேரமும் 8 லட்சத்து 80 ஆயிரம் வெளியே நிற்கிறது. அந்தக் குழியை அடைக்க அப்பா வட்டிக்கு வாங்கியிருந்தது 5 லட்சம், இரண்டு வட்டி, மாதம் பத்தாயிரம் ரூபாய். நான் கைதட்டு வாங்கிய அந்தக் கழித்தல் குறிக்கு என்ன விலை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மாதப் பத்தாயிரம் என் ஹாஸ்டல் கட்டணத்தைவிட அதிகம். கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

சட்டத்தைச் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிதாங் கண்ணு. சட்டம் பேசுனா அடுத்த ஆர்டர் வருமா?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. புகார் கொடுக்க சமாதான் என்ற இணையதளம் 2017-இலிருந்து இருக்கிறது. அதில் ஏறினால் என்ன ஆகும் என்று 25 வருடம் தொழில் செய்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த இடத்தைப் புத்தகம் எதுவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான்: உத்யம் பதிவு செய்வது, அந்த எண்ணைப் பில்லில் அச்சடிப்பது, வேறு எதுவும் பேசாமல் இருப்பது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண்கள் போதும். அரை மணி நேரத்தில் முடிந்தது.

2024 தொடக்கத்தில் நிலைமை மாறியது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 43பி பிரிவில் புதிதாகச் சேர்த்த ஒரு உட்பிரிவு 2023-24 கணக்காண்டிலிருந்து அமலுக்கு வந்திருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொன்ன நாளுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், அந்தத் தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். அதுவரை அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். மார்ச் மாதம் அந்த நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸிலிருந்தே எல்லா சப்ளையருக்கும் மின்னஞ்சல் வந்தது, உத்யம் சான்றிதழ் அனுப்பச் சொல்லி. அப்பா அன்று மாலையே அனுப்பினார். மற்றவர்கள் பதிவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரலிலிருந்து பணம் 45 நாள், சில மாதம் 50 நாளில் வருகிறது. வட்டிக்கடன் அந்த வருடமே அடைந்தது.

முழுக்க நல்லதாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். வேறொரு சின்ன வாடிக்கையாளர், பில்லில் உத்யம் எண் இருந்தால் வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்பா எண்ணை எடுக்கவில்லை. அந்த ஆர்டர் போனது போனதுதான்.

பிசினஸ் படிப்பே வீண், தொழிலில் இறங்கிக் கற்றுக்கொள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சூத்திரத்தைக் கல்லூரி சொல்லித்தரவில்லை என்றால் 24-ஆம் குறிப்பில் எதைப் பார்ப்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. அப்பாவுக்கு 25 வருட அனுபவம் இருந்தது; தன் பணம் எந்தக் கணக்கில் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியவில்லை. எனக்கு வரி தெரிந்தது, அதில் நிற்பது யார் என்று தெரியவில்லை. வகுப்புக்கும் பட்டறைக்கும் நடுவே கிடந்த இந்த இடைவெளியை வாசிப்புதான் கடக்க வைத்தது.

இப்போது ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில சனிக்கிழமைகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு உதவி கேட்டு வருவார்கள். உங்கள் வீட்டுக்கோ ஊருக்கோ தொடர்புள்ள நிறுவனத்தை எடுங்கள் என்பேன். தெரிந்த மனிதர்கள் உள்ளே இருந்தால் குறிப்புகள் தாமாகவே பேசும். இரண்டு வருட அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்களைவிட முதலில் எந்த வாக்கியம் மாறியிருக்கிறது என்று பாருங்கள் என்பேன். போன வருடம் இருந்த ஒரு வாக்கியம் இந்த வருடம் காணாமல் போயிருந்தால் அங்கே ஒரு கதை உண்டு. தனியாகப் படிக்க முடியாதவர்களை மூன்று பேராக உட்கார்ந்து சத்தமாக வாசிக்கச் சொல்வேன். ஹாஸ்டலில் நாங்கள் சட்டத்தை அப்படித்தான் முடித்தோம். போனில் படிக்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். முன்னும் பின்னும் புரட்டாமல் கணக்கு படிக்க முடியாது.

ஆகஸ்ட் வந்தால் அப்பா கேட்பார், "அந்தப் புஸ்தகம் வந்துருச்சா?" என்று. எட்டாவது வரை படித்தவர். 2023-24 அறிக்கையை எடுத்துப் போய் அதே குறிப்பைக் காட்டினேன். சிறு நிறுவனங்கள் வரியில் இப்போது 41 கோடி. அந்த எண் மேல் விரலை வைத்து, "இதுக்குள்ள நாம இருக்கறமா?" என்று கேட்டார். இருக்கிறோம் என்றேன். விரல் கீழே நகர்ந்தது. தகராறில் உள்ள சிறு நிறுவனப் பாக்கி, மூன்று வருடத்துக்கு மேல், 18 லட்சம்.

"இது யாருதுங் கண்ணு?"

பெயர் போட்டிருக்காதுப்பா என்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார். அடுத்த தெருவில் ஒரு ஃபவுண்டரி இருந்தது, மூடி நாலு வருடம் ஆகிறது. போனை எடுத்து அதை நடத்தியவரைக் கூப்பிட்டார். பழைய பில்லெல்லாம் வைத்திருக்கிறாயா, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா, பாப்பா வீட்டில்தான் இருக்கும் என்றார்.